படுத்திருப்பவரின் கண்ணிலிருந்து: ஹாஸ்பிஸ் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் ஹாஸ்பிஸ் கட்டடங்களைப் பற்றி நாலு வரி எழுதப்போக, இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அதைப் பற்றியே இருக்கின்றன. அதனால் இந்த இதழில் வேறு எதுவும் இல்லை. புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: நோயைக் குணப்படுத்தும் சிகிச்சை இனி உதவாது என்ற நிலையில் இருப்பவரின் வலியையும் மூச்சுத்திணறலையும் பயத்தையும் தணித்து, மிச்சமிருக்கும் நாட்களை நல்லபடியாக வாழவைக்கும் இடம்தான் ஹாஸ்பிஸ்.

கட்டடக்கலை இறுதியாண்டு படிக்கிறேன். ப்ராஜெக்டுக்கு ஹாஸ்பிஸ் எடுத்திருக்கிறேன். "சின்ன ஆஸ்பத்திரி மாதிரிதானே, அதே அளவுகளை எடுத்துப் போட்டு வரைந்துவிடு" என்கிறார் ஆசிரியர். எனக்கு மனது ஒப்பவில்லை. எங்கிருந்து தொடங்குவது?
— ஒரு மாணவி

உங்கள் மனது சொல்வதுதான் சரி. நோயாளி வருவார், தேறுவார், போவார், படுக்கை அடுத்தவருக்குக் கிடைக்கும். ஆஸ்பத்திரி இந்தக் கணக்கில்தான் வரையப்படுகிறது. ஹாஸ்பிஸுக்கு வருகிறவருக்கு அந்த அறைதான் கடைசி வீடு. இரண்டுக்கும் ஒரே அளவுகோல் எப்படிப் பொருந்தும்?

வரைய உட்காருவதற்கு முன்னால் ஒரு கட்டிலில் மல்லாந்து படுங்கள். வகுப்பறையில் பெஞ்சைச் சேர்த்துப் போட்டுக்கூடப் படுக்கலாம். அரைமணி நேரம் எழுந்திருக்காமல் கவனியுங்கள். நேர் மேலே இருக்கிற விளக்கு கண்ணைக் குத்தும். ஏசி காற்று வேண்டுமோ வேண்டாமோ முகத்தில் அடித்துக்கொண்டே இருக்கும், திருப்பிவிட உங்களால் முடியாது. ஜன்னலின் அடிமட்டம் உயரமாக இருந்தால் தரை தெரியாது, மரத்தின் உச்சி மட்டும் தெரியும், அல்லது பக்கத்துக் கட்டடத்தின் சுவர். கதவு தலைமாட்டுப் பக்கம் இருந்தால் யார் உள்ளே வருகிறார் என்பதே காலடிச் சத்தத்தில்தான் தெரியும், ஏற்கெனவே பயந்திருப்பவருக்கு அது எவ்வளவு பெரிய தொல்லை என்று படுத்துப் பார்த்தால்தான் புரியும். நாம் வரைவதெல்லாம் நிற்பவரின் கண்மட்டத்தில் இருக்கிறது, அங்கே வாழப்போகிறவரோ படுத்திருக்கிறார். ஹாஸ்பிஸ் வடிவமைப்பில் நடக்கும் தவறுகளில் முக்கால்வாசி இங்கிருந்துதான் வருகின்றன என்பது என் எண்ணம்.

இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும். கூரையில் கட்டிலுக்கு நேர் மேலே விளக்கு வைக்காதீர்கள், சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் போதும், அதைக் கூட்டவும் குறைக்கவும் கைக்கெட்டும் தூரத்தில் சுவிட்ச் இருக்கட்டும். ஜன்னலின் அடிமட்டம் 60 சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் பாருங்கள். திறந்த கதவின் இடைவெளி 1.2 மீட்டராவது இருந்தால் கட்டிலை அப்படியே வெளியே தள்ளிக்கொண்டு போகலாம், ஆனால் வாசலில் ஒரு சின்ன மேடு இருந்தால்கூட சக்கரம் தட்டி உடம்பு முழுக்கக் குலுங்கும். எலும்பு வரை புற்றுநோய் பரவியவருக்கு அந்த ஒரு குலுக்கல் போதும், மறுபடி வெளியே வரமாட்டேன் என்று சொல்லிவிடுவார்.

ஜன்னலைப் பற்றி இன்னும் கொஞ்சம். 1948இல் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்ற மருத்துவமனை சமூகப் பணியாளர், டேவிட் தாஸ்மா என்ற போலந்து யூத அகதி நோயாளியைக் கவனித்துக்கொண்டிருந்தார். சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கென்று ஓர் இல்லம் வேண்டும் என்பதைப் பற்றி இருவரும் நிறையப் பேசினார்கள். தாஸ்மா இறக்கும்போது 500 பவுண்டு விட்டுச் சென்றார், உங்கள் இல்லத்தில் நான் ஒரு ஜன்னலாக இருப்பேன் என்று சொல்லி. சாண்டர்ஸ் அதன் பிறகு மருத்துவம் படித்து டாக்டரானார். 1967இல் தென்கிழக்கு லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் திறந்தார், நவீன ஹாஸ்பிஸ்களுக்கெல்லாம் முன்னோடி அதுதான். தாஸ்மாவுக்காக ஒரு கண்ணாடி ஜன்னல் அங்கே இருக்கிறது. மனையும் வரைபடமும் வருவதற்குப் பல வருடம் முன்பே அந்தக் கட்டடத்துக்கு ஜன்னல் வந்துவிட்டது!

ரோஜர் உல்ரிச்சின் 1984 ஆய்வை உங்கள் அறிக்கையில் நிச்சயம் சேர்ப்பீர்கள். பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில், ஜன்னல் வழியே மரம் தெரிந்த 23 பேரையும் செங்கல் சுவர் தெரிந்த 23 பேரையும் அவர் ஒப்பிட்டார். மரம் பார்த்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மருந்தும் குறைவாகவே கேட்டார்கள். ஆனால் அவர்கள் தேறிக்கொண்டிருந்தவர்கள் என்பதையும் எழுதுங்கள். இறுதிநாட்களில் இருப்பவருக்கும் அப்படியே நடக்கும் என்று அந்த ஆய்வை இழுத்து நீட்டவேண்டாம். மரம் பார்ப்பது நன்றாக இருக்கிறது என்பதே ஹாஸ்பிஸில் போதுமான காரணம்.

தனியறையா, பலர் சேர்ந்திருக்கும் வார்டா? எங்கள் குழுவில் இதற்கே பெரிய சண்டை.
— ஹாஸ்பிஸ் தொடங்கும் அறக்கட்டளையின் உறுப்பினர்

பெரும்பாலும் தனியறைகள், அதோடு இரண்டு பேர் சேர்ந்திருக்கும் அறைகள் ஒன்றிரண்டு. இதுதான் என் பதில்.

தனியறைக்கான காரணங்கள் உங்களுக்குத் தெரிந்தவைதான். ஆறாத புண்ணின் வாடை, இரவெல்லாம் இருமல், குடும்பத்தோடு மனம்விட்டு அழ ஓர் இடம். ஆனால் தனியறைக்குள் தனிமையும் சேர்ந்தே வருகிறது. பக்கத்தில் ஒருவர் இறப்பதைப் பார்த்தால் மற்றவர்கள் உடைந்துபோவார்கள் என்றுதான் நாமெல்லாம் நினைக்கிறோம், இல்லையா? பிரிட்டனில் 1992இல் வெளியான ஓர் ஆய்வு வேறு மாதிரி சொன்னது. சக நோயாளியின் மரணத்தைப் பார்த்த ஹாஸ்பிஸ் நோயாளிகள், பார்க்காதவர்களைவிட மனச்சோர்வு குறைவாகவே இருந்தார்கள். தனக்கு என்ன நடக்கப்போகிறது என்று கற்பனையில் வளர்த்துக்கொள்கிற பயம், அமைதியாகப் போன ஒருவரைப் பார்த்தால் கொஞ்சம் அடங்குகிறது போலும். அதனால் யாருக்கு எது வேண்டும் என்று கேட்டு, மாற்றிக்கொள்ள வழி வையுங்கள்.

அறைக்கும் நடைக்கும் இடையே ஒரு உள்ஜன்னல் வைத்து, அதன் திரையைத் திறப்பதும் மூடுவதும் படுத்திருப்பவர் கையில் இருக்குமாறு செய்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். அப்புறம், கூட இருப்பவர் படுக்க நாற்காலி போடாதீர்கள். முழு நீளக் கட்டில் போடுங்கள், நோயாளியின் கட்டில் உயரத்துக்கு அதையும் ஏற்ற முடியவேண்டும். இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தால்தான் ராத்திரி படுத்தபடியே கையைப் பிடித்துக்கொள்ள முடியும். நாற்காலியில் உட்கார்ந்தபடி எத்தனை இரவு கையைத் தூக்கி வைத்திருப்பது?

என்ன நிறம் அடிப்பது நல்லது? நீலம் அமைதி தரும் என்கிறார்களே?
— பெயர் எழுதாத வாசகர்

இந்த நிறம் இந்த நோய்க்கு என்கிற அட்டவணைகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. சுவருக்கு அழுத்தமான பச்சையும் மஞ்சளும் வேண்டாம், அந்த நிறம் தோலில் பட்டு நோயாளி இன்னும் வெளிறித் தெரிவார், பார்க்க வந்தவர் முகம் மாறும், அதை நோயாளி கவனிப்பார். தரை பளபளக்கக் கூடாது, குழம்பிய மனதுக்கு அது தண்ணீர் மாதிரி தெரியும். தரையில் கறுப்பு வட்டங்கள் போட்டால் பள்ளம் என்று நினைத்துக் கால் வைக்க மறுப்பார்கள். மற்றபடி உங்களுக்குப் பிடித்த நிறத்தை அடியுங்கள்.

நான் ஹாஸ்பிஸ் செவிலியர். பத்திரிகைப் படங்களில் அழகாக இருக்கும் கட்டடங்களில் வேலை பார்ப்பவர்கள் படும் பாட்டை யாரும் எழுதுவதில்லை. நடந்து நடந்தே கால் போகிறது. எங்களுக்காகவும் நாலு வார்த்தை சொல்லுங்களேன்.

சொல்கிறேன், நாலு வார்த்தையோடு நிறுத்தமாட்டேன். கட்டடம் செவிலியரை ஓடவிட்டால் அந்த நேரம் நோயாளியின் பக்கத்தில் உட்காரவேண்டிய நேரத்திலிருந்துதான் கழிகிறது. மைய மேசை ஒன்றை வைத்து எல்லா அறைகளையும் அதிலிருந்து நீட்டுவதற்குப் பதிலாக, நாலைந்து அறைக்கு ஒரு சின்ன மேசை, அதன் பக்கத்திலேயே துணி அலமாரி, அழுக்குப் பாத்திரம் கழுவும் அறை என்று பிரித்து வைப்பது நல்லது. கட்டிலின் இரண்டு பக்கமும் ஆள் நின்று திருப்பிப் படுக்கவைக்க இடம் விடவேண்டும். நோயாளியைத் தூக்கும் ஹாய்ஸ்டுக்குக் கூரையிலேயே தண்டவாளம் போட்டுவிட்டால் உங்கள் முதுகு தப்பும்.

பொருள் வைக்கும் அறையை எல்லாரும் செலவு என்று வெட்டிவிடுகிறார்கள். வெட்டினால் என்ன ஆகும்? சக்கரநாற்காலியும் ஆக்சிஜன் சிலிண்டரும் காற்று மெத்தையும் நடைக்கு வந்துவிடும், ஆறு மாதத்தில் அந்த அழகான நடை கிடங்காகிவிடும்.

ஊழியர் அறைக்கு ஜன்னலும், உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய கதவும் வேண்டும். அன்றைக்கு இருவரை இழந்த செவிலியர் பத்து நிமிடம் அழவேண்டும் என்றால் கழிப்பறைக்குள் போய் நிற்கக் கூடாது.

சத்தத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். நோயாளி அறையில் இரவு சத்தம் சராசரியாக 30 டெசிபலுக்குள், திடீர் சத்தங்கள் 40க்குள் இருக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 1999இல் சொன்ன வழிகாட்டுதல். தள்ளுவண்டிச் சக்கரம், தானாக அடித்துச் சாத்தும் கதவு, எஃகுப் பாத்திரம் என்று ஒவ்வொன்றும் இதைச் சுலபமாகத் தாண்டும். 2020இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஹாஸ்பிஸில் கடைசி மணிநேரங்களில் பேச்சு மூச்சின்றி இருந்தவர்களின் மூளை அலைகளைப் பதிவு செய்து பார்த்தார்கள். அவர்களில் சிலரின் மூளை அப்போதும் ஒலிக்கு எதிர்வினை காட்டியது. கேட்டதை அவர் புரிந்துகொண்டாரா என்பது வேறு கேள்வி. ஆனால் கட்டில் பக்கத்தில் நின்று அடுத்து ஆகவேண்டிய காரியங்களைப் பேசக் கூடாது என்பதற்கு எனக்கு இது போதும். அறையிலிருந்து நாலு எட்டில் ஒரு சின்னப் பேச்சறை இருந்தால் டாக்டரும் குடும்பமும் அங்கே போய்ப் பேசுவார்கள். இல்லாவிட்டால் கட்டில் பக்கத்திலேயே பேசிவிடுவார்கள், அதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது.

எங்களுக்கு இரண்டு மனைகள் கிடைக்கின்றன. ஒன்று ஊருக்கு வெளியே, மரங்களும் அமைதியும். மற்றது ஊர் நடுவே, சின்ன இடம். எதை எடுப்பது?
— இன்னொரு அறக்கட்டளையிலிருந்து

டென்மார்க்கில் இரண்டுக்கும் உதாரணம் இருக்கிறது. ஜூர்ஸ்லாந்து ஹாஸ்பிஸ் கடலைப் பார்த்தபடி ஊருக்கு வெளியே இருக்கிறது, கட்டில்களிலிருந்தே தண்ணீர் தெரியும். கோபன்ஹேகனை ஒட்டிய ஃபிரெடரிக்ஸ்பெர்கில் 2016இல் கட்டிய அர்பன் ஹாஸ்பிஸ் வீடுகளுக்கு நடுவே இருக்கிறது, தெருவின் இரைச்சலிலிருந்து விலகி உள்முற்றங்களைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. பெங்களூரின் கருணாஸ்ரயாவில் கட்டடக் கலைஞர் சஞ்சய் மோஹே நடுவில் நீரை வைத்து வார்டுகளைச் சுற்றி அமைத்தார். வேண்டிய அமைதியை மனைக்குள்ளேயே உண்டாக்கிக்கொள்ள முடியும் என்பதற்கு இவை சாட்சி.

அதனால் என் ஓட்டு ஊர் நடுவுக்கு. ஹாஸ்பிஸில் தங்குவது பெரும்பாலும் சில நாட்கள் அல்லது சில வாரங்கள். அதற்குள் நடுராத்திரி போன் வந்தால் வயதான மனைவியோ கணவரோ யார் துணையும் இல்லாமல் வந்துசேர முடிகிற தூரத்தில் இடம் இருக்கவேண்டும். அமைதியைக் கட்டிக்கொள்ளலாம், தூரத்தைக் குறைக்க முடியாது.

என் அம்மா ஓர் ஆஸ்பத்திரியில் இறந்தார். உடலைச் சரக்கு லிஃப்டில், குப்பைத் தொட்டிகள் வைத்த பின்வாசல் வழியாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். இரண்டு வருடமாகியும் அந்த லிஃப்ட் நினைவிலிருந்து போகவில்லை. ஹாஸ்பிஸிலும் இப்படித்தானா?
— ஒரு மகன்

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் வேறு வேலை ஓடவில்லை. உங்கள் அம்மாவுக்கு அப்படி நடந்திருக்கக் கூடாது. யாரும் வேண்டுமென்று செய்திருக்கமாட்டார்கள், ஆனால் அந்தக் கட்டடத்தை வரைந்தவர்கள் இறந்தவர் எந்த வழியாகப் போவார் என்ற கேள்வியைக் கேட்காமலே விட்டிருக்கிறார்கள், அதனால் அந்த வழி குப்பை போகும் வழியோடு சேர்ந்துவிட்டது.

நல்ல ஹாஸ்பிஸ்களில் இது முதல் வரைபடத்திலேயே இருக்கும். சில இடங்களில் உள்ளே வந்த அதே முன்வாசல் வழியாகத்தான் வெளியேயும் போகிறார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவின் ஜென் ஹாஸ்பிஸில், 2018இல் அது மூடப்படும்வரை, உடலை எடுத்துச் செல்லும்போது தோட்டத்தில் நிறுத்துவார்கள். குடும்பத்தார், ஊழியர்கள், மற்ற நோயாளிகள், விரும்புகிற யாரும் ஒரு நினைவைச் சொல்லலாம், பாடலாம், சும்மா நிற்கலாம். பிறகு உடல்மேல் பூவிதழ்களைத் தூவி அனுப்புவார்கள். இதற்குக் கட்டடம் செய்யவேண்டியது என்ன? வழியில் பத்துப் பேர் நிற்க ஓர் அகலமான இடம், வண்டி வந்து நிற்கக் கூரை, அவ்வளவுதான். ஆனால் அந்த அகலம் வரைபடத்தில் இல்லாவிட்டால் பின்னால் யார் நினைத்தாலும் நிற்க முடியாது.

குழந்தைகளுக்கான முதல் ஹாஸ்பிஸ் ஆக்ஸ்ஃபோர்டில் 1982இல் தொடங்கிய ஹெலன் ஹவுஸ். அங்கே குளிரூட்டிய ஒரு சிறிய படுக்கையறை உண்டு. இறந்த குழந்தையை உடனே எங்கோ அனுப்பிவிடாமல் இறுதிச் சடங்குவரை அந்த அறையில் வைத்திருக்கலாம், பெற்றோர் நினைத்தபோது போய்ப் பக்கத்தில் உட்காரலாம். பெரியவர்களுக்கான இடங்களிலும் இப்படி ஓர் அறை வேண்டும் என்று நான் வாதாடிக்கொண்டிருக்கிறேன். உடலைக் குளிப்பாட்டத் தண்ணீர் வசதி, எந்த மதத்தின் சின்னமும் நிரந்தரமாகப் பதிக்காத சுவர், அவரவர் வழக்கப்படி செய்துகொள்ள இடம். "நேரமாகிறது" என்று யாரும் கதவைத் தட்டாமல் இருக்க, அந்த அறை வேறு எதற்கும் பயன்படாததாக இருக்கவேண்டும்.

உங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இரண்டு வருடம் தாமதம் என்று நினைக்காதீர்கள். குப்பைத் தொட்டிகளை வேறு பக்கம் மாற்றக் கட்டடத்தை இடிக்கவேண்டியதில்லை.

வலி மருந்தே கிடைக்காமல் எத்தனையோ பேர் துடிக்கும்போது ஜன்னல், தோட்டம், நீர்நிலை என்று பேசுவது நியாயமா?
— ஒரு மருத்துவர்

நியாயமான கோபம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஆண்டுக்கு சுமார் 5.68 கோடிப் பேருக்கு நோய்த்தணிப்புப் பராமரிப்பு தேவைப்படுகிறது, கிடைப்பதோ சுமார் 14 சதவீதம் பேருக்கு. மார்ஃபின் இல்லாத ஹாஸ்பிஸில் எவ்வளவு பெரிய ஜன்னல் வைத்தாலும் பயனில்லை, வலியில் இருப்பவர் கண்ணைத் திறந்தே பார்க்கமாட்டார். பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் முதலில் மருந்து, அடுத்து வீடு தேடிப்போகும் செவிலியர், அதற்கப்புறம்தான் கட்டடம். செயின்ட் கிறிஸ்டோபர்ஸும் திறந்த இரண்டே ஆண்டில், 1969இல், வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் சேவையைத் தொடங்கிவிட்டது.

ஆனால் கட்டடம் எப்படியும் கட்டத்தான் போகிறார்கள், டாக்டர். ஜன்னலைத் தாழ்த்தி வைப்பதும், கதவைச் சரியான பக்கம் வைப்பதும், விளக்கை நகர்த்துவதும் வரைகிற கட்டத்தில் பெரிய செலவு வைக்காதவை. பெரிய கட்டடமும் தேவையில்லை. புற்றுநோயாளிகளுக்கு ஆறுதல் தரும் மேகீஸ் மையங்களில் முதலாவது, 1996இல் எடின்பரோவில், ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் இருந்த ஒரு பழைய குதிரை லாயத்தை மாற்றி அமைத்ததுதான். ஹாஸ்பிஸ் இல்லை என்றாலும் அதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. உள்ளே நுழைந்தால் வரவேற்பு மேசை கிடையாது, சமையலறை மேசைதான் நடுவில் இருக்கும்.

அப்பாவை ஹாஸ்பிஸில் சேர்க்கும் எண்ணம் இல்லை, வீட்டிலேயே வைத்துக்கொள்ளப் போகிறோம். நுரையீரல் நோய். அறையை எப்படித் தயார் செய்வது?
— ஒரு மகள்

முதலில், பின்னால் இருக்கிற அமைதியான அறையைத்தானே தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள்? மாற்றமுடியுமா பாருங்கள். வீட்டில் நடப்பதெல்லாம் காதில் விழுகிற, தலையைத் திருப்பினால் உங்களைப் பார்க்கமுடிகிற அறை நல்லது. கூடத்தின் ஒரு மூலையேகூடப் போதும், இழுத்து மூட ஒரு திரை இருந்தால். அமைதி வேண்டுமா, ஆள் நடமாட்டம் வேண்டுமா என்று அப்பாவிடமே கேளுங்கள், நீங்களாக முடிவெடுக்காதீர்கள்.

கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போடவேண்டாம், இரண்டு பக்கமும் நீங்கள் நிற்கவேண்டியிருக்கும். தலைப்பக்கம் உயர்த்தக்கூடிய கட்டில் வாடகைக்குக் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், மூச்சுத்திணறலுக்குச் சாய்ந்து உட்காருவது பெரிய உதவி. முகத்தில் காற்று படுவதும் அப்படித்தான். கையில் பிடிக்கும் சின்ன மின்விசிறியை ஐந்து நிமிடம் முகத்துக்கு நேரே காட்டினால் மூச்சுத்திணறல் குறைகிறது என்று 2010இல் பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வில் தெரிந்தது. கன்னத்திலும் மூக்கைச் சுற்றியும் இருக்கும் நரம்புகளில் காற்று படும்போது மூளைக்குப் போகும் சேதிதான் அதற்குக் காரணம் என்கிறார்கள். அந்த விசிறி அப்பாவின் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும், அவரே போடவும் நிறுத்தவும் முடியவேண்டும். ஆக்சிஜன் வைத்திருந்தால் பக்கத்தில் எண்ணெய் விளக்கு, ஊதுபத்தி, சிகரெட் எதுவும் கூடாது.

கழிப்பறைக்குப் போகும் வழியில் தரையோடு ஒரு மங்கல் விளக்கு எரியட்டும். கையில் ஒரு மணி கொடுத்துவிடுங்கள், கூப்பிடக் குரல் வராத நாள் வரும். படுக்கையில் ஒரு தடவை நீங்களே படுத்துப் பார்த்து, எதிர்ச் சுவரில் என்ன தெரிகிறது என்று கவனியுங்கள். மருந்து அலமாரி தெரிந்தால் நகர்த்துங்கள்.

ஹாஸ்பிஸ் அறையில் கடிகாரம் வைக்கலாமா? மனதைப் பாதிக்காதா?
— ஒரு தன்னார்வலர்

வையுங்கள். பெரிய எண்கள், கூடவே கிழமையும் தேதியும், படுத்தபடி தெரிகிற இடத்தில். மருந்தாலும் நோயாலும் பகலா இரவா என்று குழம்புகிறவர்களுக்கு அது பிடிப்பு, அடுத்த வலி மருந்து எப்போது என்று தெரிந்துகொள்ளவும் வேண்டும். டிக் டிக் சத்தம் போடாத கடிகாரமாகப் பார்த்து வாங்குங்கள். வேண்டாம் என்று சொல்கிறவர் அறையில் கழற்றிவிடலாம்.